காலியிருந்தால் ஒரு சீட்டு

"நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று யாராவது கேட்டால் அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். கொஞ்சம் யோசிப்பார். கேட்டவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நாலடி போயிருப்பார். அப்போதுதான் பதில் வரும்.

"இன்னிக்கி அவ்வளவு நல்லா இல்ல. பாப்பா ராத்திரி முழுக்க இருமிக்கினே இருந்தா. தூங்கல."

கேட்டவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ரேணிகுண்டா விமான நிலையத்தில் வேலை பார்த்த நாங்கள் எல்லோரையும் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்போம். வாய் பழகிய கேள்வி. பதிலுக்காகக் கேட்பதில்லை. அவர் ஒருவர்தான் அதை நிஜமான கேள்வியாக எடுத்துக்கொண்டு, தன்னைத் தானே ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்.

நான் அப்போது திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன். பயணிகளின் டிக்கெட்டைப் பார்த்து, பெட்டியை எடை போட்டு, சீட்டு எண் கொடுக்கிற கவுண்டர் என்னுடையது. அவர் விமானி. சிறகுக்கு முன்னால் விசிறி சுற்றும் சின்ன விமானங்களில் கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவர். விமானம் ஓட்டுகிறவர் என் கவுண்டருக்கு முன்னால் வந்து ஏன் நிற்க வேண்டும் என்று எனக்கே முதலில் புரியவில்லை.

அவர் வீடு புத்தூரில். கணவர் திருப்பதியில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தார். மாமனார், மாமியார், மூன்று வயது மகள் எல்லோரும் ஒரே வீடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பெனி அவருக்குச் சென்னையை பேஸாகக் கொடுத்திருந்தது. ஒரு விமானியின் வேலை எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடிகிறதோ அந்த ஊருக்கு பேஸ் என்று பேர். சென்னை என்றால் ஊத்துக்கோட்டை வழியாகக் காரில் போய்விடலாம். பிறகு கம்பெனி சென்னையில் விமானங்களைக் குறைத்து, அவரை ஹைதராபாத்துக்கு மாற்றியது. குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு போக முடியாது. கணவரின் வேலை இங்கே, குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இங்கே. அதனால் இன்னும் இரண்டு பெண் விமானிகளோடு சேர்ந்து ஹைதராபாத்தில் ஒரு அறை எடுத்தார். நாலைந்து நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே.

போக வர கம்பெனி ஊழியர்களுக்கென்று ஒரு டிக்கெட் உண்டு. ஆனால் அது காலியிருந்தால்தான் சீட்டு. காசு கொடுத்த பயணிகள் அத்தனை பேரும் ஏறிய பிறகு ஏதாவது மிஞ்சினால் கூப்பிடுவோம். இல்லையென்றால் அடுத்த விமானம். ஏழுமலையானைப் பார்த்துவிட்டு வருகிறவர்களால் எங்கள் விமானங்கள் எப்போதும் நிரம்பியே இருக்கும். எனவே வேலைக்குப் போகிற விமானி, வேலைக்குப் போக முடியுமா முடியாதா என்று தெரியாமல் என் எதிரே உட்கார்ந்திருப்பார். மறுநாள் காலை வேலை என்றால் முந்தின நாளே கிளம்பி வந்துவிடுவார்.

"இல்ல மேடம், ஃபுல்" என்று நான் சொன்னால், "சரிம்மா" என்பார். அவ்வளவுதான். யூனிஃபார்மைக் காட்டி எதுவும் கேட்டதில்லை. கடைசி வரிசை நாற்காலிக்குப் போய், கைப்பெட்டியின் கைப்பிடியில் கையைக் கோத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு துப்பட்டாவை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். நிமிடத்தில் தூக்கம். எத்தனை சத்தம் இருந்தாலும். செக்யூரிட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். "பைலட்டு மேடம் லேண்டிங் ஆயிட்டாங்க" என்று ஒருவர் சொல்வார்.

தூக்கத்தை அவர் எங்கே கிடைத்தாலும் பொறுக்கிக்கொள்வார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாண வீட்டில், கார் பின்சீட்டில், குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில். மாமியாருக்கு அது பெரிய குறை. ஒரு முறை விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தபோது என்னிடமே சொன்னார். "எப்பப் பாரு தூங்கிக்கினே இருக்குது இந்தப் பொண்ணு. ஊட்டுக்கு வர்றதே ரெண்டு நாளு. வந்தா தூங்குது. நாலு சனம் வந்தா இன்னா நெனைக்கும்?"

பக்கத்தில் நின்ற அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா அத்த, இந்த வாரம் ரொம்பத் தூங்கிட்டேன். வேண்டியிருந்துச்சி" என்றார். மாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இப்படி ஒப்புக்கொள்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஹைதராபாத்தில் அவருக்குப் பெரும்பாலும் ஸ்டாண்ட்பை. அதாவது, ஓட்டுவதற்கென்று ஒரு விமானம் ஒதுக்கியிருக்காது. வேறொரு விமானிக்கு உடம்பு முடியாமல் போனாலோ, எங்காவது ஏதாவது குளறுபடி ஆனாலோ கூப்பிடுவார்கள். அதுவரை யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டிவைத்துக்கொண்டு, போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அறையில் இருக்க வேண்டும். குளிக்கப் போனாலும் போன் கூடப் போகும்.

"அப்ப ரெஸ்டுதான மேடம்?" என்று நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

வழக்கம்போல் யோசித்தார். "வேல செஞ்சா அலுப்பு தெரியும்மா. காத்துக்கினு இருந்தா அலுப்பு இருக்கும், ஆனா தெரியாது. அதுதான் மோசம்."

மகளிடமும் அவர் அப்படித்தான். குழந்தை கணவரின் தோளில் உட்கார்ந்துகொண்டு வாசல் வரை வரும். "எப்பம்மா வருவ?" என்று கேட்கும். எந்த அம்மாவும் சாயங்காலம் வந்துடுவேன் என்றுதான் சொல்வாள். இவர் குனிந்து, குழந்தையின் கண்ணைப் பார்த்து, "தெரியல பாப்பா. வெள்ளிக்கிழம சீட்டு கெடச்சா வெள்ளிக்கிழம. இல்லன்னா சனிக்கிழம" என்பார்.

கணவர் பாவம், பொறுமையான மனிதர். "சாயந்தரம் வந்துடுவேன்னு சொல்லேன். குழந்ததான? மறந்துடும்" என்றார் ஒரு நாள்.

"மறக்கலன்னா?" என்றார் அவர்.

எனக்கு அது கல்நெஞ்சாகக்கூடத் தோன்றியிருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தை அழுது நான் பார்த்ததில்லை. "சீட்டு கெடைக்குமா?" என்று என்னிடம் வந்து கேட்கும். அவ்வளவுதான்.

குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன், அதாவது அவருடைய அண்ணன், வெளிநாட்டிலிருந்து வருகிற நாளைப் பார்த்து வைத்த முகூர்த்தம்; மாற்ற முடியாது. அவர் லீவு கேட்டார். கிடைக்கவில்லை. முந்தின நாள் மத்தியானம் வரை ஹைதராபாத்தில் ஸ்டாண்ட்பை. அது முடிந்ததும், பிற்பகலில் ரேணிகுண்டா வருகிற விமானத்தில் காலியிருந்தால் ஏறிக்கொள்வது என்று திட்டம். அந்த விமானம் இங்கே வந்து, விசாகப்பட்டினம் போய்த் திரும்பி, ராத்திரி இங்கேயே தங்கும்.

அன்று மத்தியானமே கணவரும் மகளும் விமான நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். குழந்தை மஞ்சள் பட்டுப்பாவாடையில் இருந்தாள். நாளைக்குப் போட வேண்டியதை இன்றைக்கே அடம்பிடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் கவலை. ஹைதராபாத்திலிருந்து வரும் அந்த விமானம் ஃபுல் என்று கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் விமானம் தாமதம் என்று செய்தி வந்தது. காரணம் போடவில்லை. விசாகப்பட்டினம் போக வேண்டியவர்கள் லட்டுப் பைகளோடு கவுண்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். தம்பியின் நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டிய ஒருவர் மேஜையைத் தட்டித் தெலுங்கில் கத்தினார். பைலட் இல்லையாம், டவுன் பஸ்ஸுக்கு டிரைவர் வரவில்லை என்கிற மாதிரி சொல்கிறீர்களே, நீங்கள் நடத்துவது விமானமா, ஷேர் ஆட்டோவா என்று. அவருக்கு எப்படியோ பைலட் இல்லை என்பது தெரிந்திருந்தது. எனக்கே தெரியாது. ஹைதராபாத் கவுண்டரில் இருக்கும் என் தோழிக்குப் போன் போட்டேன்.

"உங்க புத்தூர் மேடம்தான்டி" என்றாள் அவள். "ஓட்ட வேண்டியவருக்கு வயிறு சரியில்ல. ஸ்டாண்ட்பையில இருந்த இவங்களக் கூப்பிட்டாங்க. ஓட்டறதுக்கு நான் ஃபிட் இல்லன்னு சொல்லிட்டாங்களாம். இன்னொருத்தரத் தேடிக்கினு இருக்காங்க."

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். தன் ஊருக்கு வருகிற விமானம். பயணியாக வர இடமில்லாத விமானத்தில் ஓட்டுகிற இடமே அவரைத் தேடி வந்திருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் ராத்திரி சாப்பாட்டுக்குப் புத்தூரில் இருந்திருக்கலாம். வேண்டாம் என்றிருக்கிறார்.

வெளியே போய்ப் பார்த்தேன். கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் செய்தி வந்துவிட்டது.

"சரின்னு சொல்லியிருந்தா இந்நேரம் கெளம்பியிருப்பா" என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. புரியாத ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவர் மாதிரி சொன்னார். குழந்தை என்னைப் பார்த்து, "சீட்டு இல்லியா?" என்றாள். இருந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்?

விமானம் மிகவும் தாமதமாக, வேறொரு விமானியோடு வந்து சேர்ந்தது. ஒரு சீட்டும் காலியில்லை. விமானி அறையில் கேப்டனுக்குப் பின்னால் மடக்கி விரிக்கிற ஒரு இருக்கை உண்டு. கேப்டன் சம்மதித்தால் கம்பெனி விமானிகள் அதில் உட்கார்ந்து வரலாம். அதை அவர் கேட்கவில்லை. தன்னால் தாமதமான விமானத்தில் ஏறி ஊருக்குப் போவது தனக்குச் சரியாகப் படவில்லை என்று பிறகு சொன்னார்.

மறுநாள் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குழந்தைக்குக் காது குத்தினார்கள். ராத்திரி ரயிலிலும் பஸ்ஸிலும் இடம் கிடைக்காமல், அவர் ஹைதராபாத் அறையில் போனில் பார்த்தார். குழந்தை வீறிட்டபோது யாரோ போனைத் திருப்பிவிட்டார்களாம். பந்தலின் கூரைதான் தெரிந்ததாம். வந்திருந்த சனமெல்லாம், "பெத்தவ எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். மாமியார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அதைவிட மாமனார்தான் வீட்டில் பெரிய சத்தம் போட்டாராம். "கூப்ட்டு வெச்சி ஏறுன்னு சொல்லிக்கீறான். ஏறலயாம். இன்னா திமுரு இது?" என்று. அவர் அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர். மதனப்பள்ளி தக்காளியும் பங்காருபாளையம் மாம்பழமும் ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போனவர்.

அடுத்த வாரம் அவர் என் கவுண்டருக்கு வந்தபோது நான் நல்லா இருக்கீங்களா என்று கேட்கவில்லை. நேராகவே கேட்டேன். "அன்னிக்கி அவ்ளோ தூக்கமா மேடம்?"

"தூக்கமே வரலம்மா" என்றார். "அதான் எனக்குப் பயம். ரெண்டு நாள் முந்தி ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல், முழிச்சிக்கினு இருந்தேன். மறுநாள் கெளம்பிப் போய் ராத்திரி ரூம்ல படுத்தா பக்கத்து வீட்ல கல்யாண மேளம். விடியறதுக்கு முன்னால ஸ்டாண்ட்பை ஆரம்பம். மத்தியானம் போன் வந்தப்ப ஒடம்புல அலுப்பே இல்ல. வீட்டுக்குப் போலாம்னு மனசு குதிக்குது. ஓட்டலாம் ஓட்டலாம்னு உள்ள ஒருத்தி கத்தறா. அப்படி ஒருத்தி கத்தறப்ப நான் அவள நம்பறதில்ல."

பிறகு, நான் கேட்காமலே, இன்னொன்று சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். அதே மாதிரி தூக்கம் கெட்ட ஒரு நாள். ஃபிட்டா என்று கேட்டதற்கு ஃபிட் என்றிருக்கிறார். ஒரு ஊரில் இறங்கும்போது, கீழே இருக்கிற கட்டுப்பாட்டு அறை ஒரு உயரம் சொல்லி அதுவரை இறங்கச் சொல்லியிருக்கிறது. இவர் அதைவிடக் குறைவான உயரத்தைக் காதில் வாங்கிக்கொண்டு அதையே இயந்திரத்தில் போட்டுவிட்டார். அந்தப் பக்கமெல்லாம் மலை. கேப்டன் கண்டுபிடித்துக் கையை நீட்டித் திருத்தினார்.

"ஒண்ணும் நடக்கல. அவரு ஒரு வார்த்த திட்டக்கூட இல்ல. எறங்கறப்ப பயணிங்க எல்லாம் கதவாண்ட எங்களப் பாத்து தேங்க்ஸ் சொல்லிக்கினே போனாங்க. ஒருத்தர் ஒருத்தரா. நான் சிரிச்சிக்கினு நின்னேன்." டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "அந்த தேங்க்ஸ இன்னிக்கி வரைக்கும் என்னால தாங்க முடியலம்மா."

அன்று ஓட்ட மறுத்ததற்காக அவரைக் கம்பெனி அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அங்கேயும் இதையேதான் சொல்லியிருப்பார். இரண்டு மாதம் கழித்து பேஸை டெல்லிக்கு மாற்றினார்கள். அதற்காகத்தான் என்று யாரும் சொல்லவில்லை. அதற்காக இல்லை என்றும் சொல்லவில்லை. டெல்லி என்றால் இரண்டு விமானம் மாற வேண்டும்; இரண்டு இடத்தில் காலியிருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படிப் போய் வந்தார். பிறகு வேறொரு கம்பெனியில் பெங்களூரு பேஸோடு வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். இப்போது கேப்டன் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நானும் அந்தக் கவுண்டரை விட்டு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்துக்கு மாறிவிட்டேன். அவரைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அவர் டெல்லி பேஸுக்கு முதல் தடவையாகக் கிளம்பிய நாள்.

அன்று அவரைக் கொண்டுவந்து விட்டவர் கணவர் அல்ல, மாமனார். மெலிந்த, உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை, பழைய கார். காலை விமானத்தில் இடமில்லை என்று நான் சொன்னேன். அடுத்தது பிற்பகலில்தான். எனக்கு அன்று ராத்திரி டூட்டி, வேலை நேரம் முடிந்திருந்தது. "ஸ்டேஷனுக்குப் போவணுமாம்மா? வா, வுட்டுட்டு அப்பிடியே நாங்க டிபன் துன்னுட்டு வரோம்" என்றார் மாமனார் என்னிடம். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். முன்னால் அவர்கள் இருவரும்.

கார் விமான நிலையத்தைத் தாண்டியது. மாமனார் சாலையைப் பார்த்தபடியே மருமகளிடம் கேட்டார்.

"அன்னிக்கி உன்னக் கூப்ட்டவன் யாரு? பெரிய ஆபீசரா?"

"இல்ல மாமா. டூட்டி போடற பையன். என்னவிடச் சின்னவன்."

"அவன்கிட்ட இன்னா சொன்ன?"

மறுபடியும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மருமகளும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"சண்டைக்கிக் கேக்கல. இன்னா வார்த்த சொன்னன்னு கேக்கறேன்." கியரை மாற்றினார். "நடு ஊட்ல மால போட்டுக்கீதே போட்டோ. உங்க அத்தையோட தம்பி. என் வண்டியில கிளீனரா வந்துகினு இருந்தான். தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. பாகராபேட்டை மலையில பிரேக் புடிக்காம…"

"பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சி."

கார் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு நட மெட்ராஸ் போய் வந்துட்டேன், தூங்காம. மண்டிக்காரன் இன்னொரு லோடு தக்காளி நிக்குது, அழுவிப் பூடும், போறியான்னான். முடியலன்னுதான் மனசுல இருக்குது. வாய் வரல. போறேன்னுட்டேன். அவன் பக்கத்துல சாஞ்சி தூங்கிக்கினு இருந்தான். நானும் தூங்கிட்டேன்." எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழி விட்டார். "போலீசுக்கும் பிரேக்குதான். உங்க அத்தைக்கும் இன்னிக்கி வரிக்கும் பிரேக்குதான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கிவிட முடிந்தால் இறங்கியிருப்பேன்.

"அதான் கேக்கறேன். எப்டிச் சொன்ன அவன்கிட்ட? வார்த்தய சொல்லு."

மருமகள் வழக்கம்போல் யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "'இன்னிக்கி என்னால ஓட்ட முடியாது'ன்னு சொன்னேன் மாமா."

"அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

"சரிங்க மேடம்னு வெச்சிட்டான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஸ்டேஷன் வந்துவிட்டது. மாமனார் காரை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடாமல் இறுகப் பிடித்திருந்தன. என் ரயிலுக்கு மைக்கில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மருமகள் அவரைத் தேற்றவில்லை. பரவாயில்லை, பழைய கதை என்றெல்லாம் சொல்லவில்லை. அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாமா, இப்ப நீங்க ஓட்டுவீங்களா, நான் ஓட்டட்டுமா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வெகு நேரம் யோசித்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

"நீ ஓட்டும்மா" என்றார்.